போன் பண்ணா திட்டு விழாதுன்னு அந்தப் பசங்களுக்கு தெரியணும்

கேள்வி: சார், நான் ஒரு மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியில ஜெனரல் மெடிசின் அசிஸ்டென்ட் ப்ரொஃபசர். இந்த வருஷம் எங்க யூனிட்டுக்கு வர்ற சிஆர்ஆர்ஐ (எம்பிபிஎஸ் கடைசி வருஷ இன்டர்ன்ஷிப்) பசங்களை பாத்துக்கற பொறுப்பை என்கிட்ட குடுத்திருக்காங்க. ஒரு பையன் ரவுண்ட்ஸ் முடிஞ்சதும் காணாம போயிடறான், கேட்டா மேல்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் பிஜிக்கு படிக்கறேங்கறான், அவன் வேலையும் மத்தவங்க தலையில விழுது. இன்னொரு பொண்ணு நல்லா வேலை பாக்கறவ. போன மாசம் நைட் டூட்டியில ஒரு டெங்கு பேஷண்டுக்கு பிபி இறங்கிட்டே போயிருக்கு, இவ மணிக்கு மணி சார்ட்ல எழுதியிருக்கா, ஆனா பிஜிக்கும் (மேல்படிப்பு படிக்கற டாக்டர்) சொல்லல, எனக்கும் போன் பண்ணல. காலையில ரவுண்ட்ஸ்லதான் தெரிஞ்சுது. பேஷண்ட் ஐசியூ போய் பொழச்சு வீட்டுக்கும் போயிட்டார். ஆனா அன்னிலேர்ந்து இவ யார்கிட்டயும் பேசறதில்ல, கை நடுங்குதுன்னு ட்ரிப்ஸுக்கு ஐவி லைன் போடவே தயங்கறா. ரெண்டு பேருக்கும் எக்ஸ்டென்ஷன் (போஸ்டிங்கை நீட்டிக்கறது) போட்டாதான் மத்தவங்களுக்கு பயம் வரும்னு யூனிட்ல சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பல. என்ன பண்ணலாம்?

பதில்:

வணக்கம்மா. உங்களுக்கு மனசு ஒப்பாதது சரிதான். இந்த ரெண்டு பேரையும் ஒண்ணா சேர்த்து பாக்காதீங்க. பையன் விஷயம் ஒழுங்கு சம்பந்தப்பட்டது, நாலு நாள் கழிச்சு பேசினாலும் ஒண்ணும் ஆகாது. பொண்ணு விஷயம் அப்படி இல்ல, இதை படிச்சதும் நாளைக்கே அவளை கூப்பிட்டு பேசுங்க, வார்டுல எல்லார் முன்னாடியும் வேண்டாம், உங்க ரூம்ல உக்கார வச்சு, கதவு லேசா திறந்திருக்கட்டும், உங்க போனை சைலன்ட்ல போட்டுட்டு, அரை மணி நேரம் வேற வேலை இல்லாத மாதிரி உக்காருங்க.

பேசறப்ப "ஏன் போன் பண்ணல"ன்னு ஆரம்பிக்காதீங்க. அந்த கேள்வி அவ காதுல இத்தனை நாளா ஓடிட்டுதான் இருக்கும். "அன்னிக்கு ராத்திரி எத்தனை மணிக்கு உனக்கு ஏதோ சரியில்லன்னு தோணுச்சு?"ன்னு கேளுங்க. ஏன்னா அவளுக்கு தோணியிருக்கு, தோணாதவ மணிக்கு மணி பிபி பாத்து எழுதியிருக்க மாட்டா. அவ கவனிச்சிருக்கா, திரும்ப திரும்ப போய் பாத்திருக்கா, அதாவது பாதி வேலைய சரியா செஞ்சிருக்கா, அதை முதல்ல அவகிட்ட வாய்விட்டு சொல்லுங்க, சும்மா ஆறுதலுக்கு இல்ல, அது நெஜம். அப்புறம் அந்த சார்ட்டோட காப்பியை ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்க. எந்த இடத்துல பல்ஸ் பிரஷர் (பிபியோட மேல் நம்பருக்கும் கீழ் நம்பருக்கும் உள்ள வித்தியாசம்) 20க்கு வந்துச்சு, எந்த மணியில கூப்பிட்டிருந்தா என்ன செஞ்சிருப்போம்னு ஒவ்வொண்ணா பேசுங்க. 100/80ன்னு பாக்கறப்ப புதுசா வந்த பசங்களுக்கு அது நார்மல் மாதிரிதான் தெரியும், நூறு இருக்கே, அப்புறம் என்னன்னு தோணும். டெங்குல அதுவே ஷாக்குன்னு புக்ல படிச்சிருப்பாங்க, ஆனா ராத்திரி மூணு மணிக்கு, ரெண்டு நாளா பேசாத பேஷண்ட் காய்ச்சல் விட்டு "இப்ப பரவால்லம்மா"ன்னு சொல்றப்ப, புக்ல படிச்சது ஞாபகம் வராது. காய்ச்சல் விடற நேரம்தான் ஆபத்தான நேரம்ங்கறதை பெட் பக்கத்துல நின்னு யாராவது காட்டினாதான் மனசுல நிக்கும்.

அதுக்கப்புறம் தூக்கம் வருதா, சாப்பிடறியா, வீட்டுல பேசினியான்னு கேளுங்க. உயிரோட இருக்க வேண்டாம்னு எப்பவாவது தோணுதான்னும் நேரா கேளுங்க. கேட்டா அந்த எண்ணத்தை நாமளே விதைச்ச மாதிரி ஆயிடும்னு நம்ம டாக்டர்களே நிறைய பேர் பயப்படறாங்க, அப்படி ஆகாது, கேக்கறவங்க ஒருத்தர் இருக்காங்கங்கறதே பெரிய விஷயம். ஆமான்னு சொன்னா அன்னிக்கு அவளை தனியா விடாதீங்க, அதே நாள் சைக்யாட்ரில நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட நீங்களே கூட்டிட்டு போங்க. அப்படி ஒண்ணும் இல்ல, ஆனா நடுக்கமும் பேசாம இருக்கறதும் ரெண்டு வாரத்துக்கு மேல போகுதுன்னா அப்பவும் காட்டணும், உங்க லெட்டர் கணக்குப்படி அந்த ரெண்டு வாரம் ஏற்கனவே தாண்டிருச்சு. அவளுக்கு அடுத்து வர்ற போஸ்டிங்கே சைக்யாட்ரின்னா மார்க்கும் கையெழுத்தும் போடப்போறவர்கிட்டயே அனுப்பாதீங்க, வெளிய ஒருத்தர்கிட்ட ஏற்பாடு பண்ணுங்க. மனநல உதவிக்கான அரசு லைன் டெலி மானஸ் 14416 நம்பரும் குடுங்க, 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம், காசு இல்ல. அவ உங்ககிட்ட சொன்னது யூனிட் டீ ரூமுக்கு வரக்கூடாது, உயிருக்கு ஆபத்துன்னா மட்டும்தான் அதுக்கு விலக்கு, அதையும் அவகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

கை நடுங்குதுன்னு ஊசி வேலைலேர்ந்து அவளை ஒதுக்கி வைக்காதீங்க, ஒதுக்கினா இன்னும் நடுங்கும். காலை நேரத்துல, நல்ல வெயின் இருக்கற பேஷண்டா பாத்து, நீங்களோ அவ மதிக்கற ஒரு பிஜியோ பக்கத்துல நின்னு ரெண்டு லைன் போட வைங்க. அடுத்த நைட் டூட்டியில அவ கூட யார் இருக்காங்கன்னு முன்னாடியே பாத்து வைங்க. ராத்திரி பத்து மணிக்கு நீங்களே அவளுக்கு போன் பண்ணி "இன்னிக்கு எந்த மூணு பேஷண்டை பத்தி கவலையா இருக்கு"ன்னு கேளுங்க. கூப்பிடறது ஒரு சாதாரண விஷயம்னு அவளுக்கு பழகட்டும்.

இப்ப அந்த முக்கியமான கேள்விக்கு வர்றேன், ஏன் அவ போன் பண்ணல. நான் பாத்த வரைக்கும் இதுக்கு பெரும்பாலும் ஒரே பதில்தான். முன்னாடி எப்பவோ ஒரு தடவை கூப்பிட்டிருப்பா, அந்தப் பக்கம் தூக்கக் கலக்கத்துல யாரோ "இதுக்கெல்லாமா கூப்பிடுவ, எம்பிபிஎஸ் எப்படி பாஸ் பண்ண"ன்னு கேட்டிருப்பாங்க. அந்த ஒரு வார்த்தை போதும்மா. அது அவளுக்கு மட்டும் இல்ல, ஹாஸ்டல்ல அன்னிக்கு சாயங்காலமே மொத்த பேட்சுக்கும் போய் சேர்ந்துடும், அந்த பிஜிக்கு நைட்ல போன் பண்ணாதேன்னு சீனியர் ஜூனியருக்கு சொல்லிக் குடுத்துடுவாங்க. அதனால அவளுக்கு எக்ஸ்டென்ஷன் போட்டா மத்தவங்களுக்கு பயம் வரும்னு சொல்றாங்களே, அங்கதான் நான் முழுசா மாறுபடறேன். பயம் ஏற்கனவே இருக்கு, அந்த பயத்தாலதான் பேஷண்ட் ஐசியூ போனார். இன்னும் கொஞ்சம் பயம் சேர்த்தா அடுத்த பசங்க சார்ட்ல எழுதறதையும் நிறுத்திடுவாங்க, எழுதினாதானே மாட்டுவோம்னு.

1984ல நியூயார்க்ல லிபி சயன்னு 18 வயசு பொண்ணு காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில சேர்ந்த சில மணி நேரத்துல இறந்துட்டா. ராத்திரி அவளை பாத்துக்கிட்டது ஒரு இன்டர்னும் ஒரு ரெசிடென்டும், மூத்த டாக்டர் போன்ல மட்டும்தான். அதுக்கப்புறம்தான் அந்த மாநிலத்துல 1989லேர்ந்து ரெசிடென்ட்களுக்கு வாரத்துக்கு 80 மணி நேரம்னு வரம்பு வந்துச்சு. எல்லாருக்கும் ஞாபகம் இருக்கறது அந்த 80 மணி நேரம்தான், ஆனா அதுக்கு அடிப்படையா இருந்த பெல் கமிஷன் மூத்தவங்க மேற்பார்வையையும் அதே அளவுக்கு அழுத்தி சொன்னது. நம்ம ஊர்ல இந்த ரெண்டாவது விஷயத்தை பேசறவங்க ரொம்ப கம்மி.

உங்க யூனிட்ல செய்ய வேண்டியது என்னன்னா, எப்போ கூப்பிடணும்ங்கறதை அவங்க தைரியத்துக்கு விடாம எழுதி ஒட்டிடுங்க. சிஸ்டாலிக் (பிபியோட மேல் நம்பர்) 90 அல்லது அதுக்கு கீழ, மூச்சு நிமிஷத்துக்கு 25 அல்லது அதுக்கு மேல, ரத்தத்துல ஆக்சிஜன் சாச்சுரேஷன் 92க்கு கீழ, பல்ஸ் 130ஐ தாண்டினா இல்ல 40க்கோ அதுக்கு கீழயோ வந்தா, முன்னாடி நல்லா பேசிட்டிருந்தவர் குழம்ப ஆரம்பிச்சா, டெங்குன்னா பல்ஸ் பிரஷர் 20 அல்லது அதுக்கு கீழ, யூரின் குறைஞ்சா. இதுல ஒண்ணு இருந்தாலும் பிஜிக்கு போன், பிஜி பத்து நிமிஷத்துல எடுக்கலன்னா உங்களுக்கு போன். கடைசியா ஒண்ணு கட்டாயம் சேருங்க, "எனக்கு காரணம் சொல்லத் தெரியல, ஆனா பேஷண்ட் சரியில்ல" அல்லது "ஸ்டாஃப் நர்ஸ் கவலைப்படறாங்க". இருபது வருஷம் வார்டுல நின்ன சிஸ்டர் ஒருத்தங்க இந்த பெட்டை பாருங்க டாக்டர்னு சொன்னா அது எந்த மானிட்டருக்கும் குறைஞ்சது இல்ல. இப்படி எழுதி வச்சுட்டா கூப்பிடறது அந்தப் பொண்ணோட முடிவா இருக்காது, யூனிட்டோட ரூலா ஆயிடும், அவளை யாரும் கேலி பண்ண முடியாது.

அந்த லிஸ்டை ஒட்டறதுக்கு முன்னாடி பிஜிங்களை தனியா உக்கார வச்சு பேசுங்க. அவங்களும் 24 மணி நேரம் தாண்டி நின்னுட்டிருக்கற பசங்கதான், கோபத்துக்கு காரணம் இருக்கு, அதை கேட்டுக்கோங்க, ஆனா ராத்திரி வர்ற போனுக்கு முதல் வார்த்தை "கூப்பிட்டது நல்லது, சொல்லு"ன்னுதான் இருக்கணும்னு கறாரா சொல்லிடுங்க. தேவையில்லாத போனா இருந்தா காலையில சிரிச்ச முகமா சொல்லிக்குடுக்கலாம். நீங்களும் அப்படியே இருக்கணும், சீஃப் எப்படியோ அப்படித்தான் பிஜி, பிஜி எப்படியோ அப்படித்தான் சிஆர்ஆர்ஐ.

அடுத்து முதல் நாள். உங்க டிபார்ட்மென்டுக்கு தேசிய மருத்துவ ஆணையம் 2021 விதிமுறைப்படி அவங்க ஆறு வாரம் வர்றாங்க. மொத்தம் 12 மாசம், அதுல கம்யூனிட்டி மெடிசின் மட்டுமே 12 வாரம், காஷுவாலிட்டி ரெண்டு வாரம், இப்படி ஓடிட்டே இருப்பாங்க, ஒரு வார்டுல பெட்பேன் எங்க இருக்குன்னு தெரியறதுக்குள்ள அடுத்த போஸ்டிங் வந்துடும். அதனால முதல் நாள் காலையில ரவுண்ட்ஸுக்கு முன்னாடி அரை மணி நேரம் எடுத்து உக்காருங்க, இதை பிஜிகிட்ட தள்ளாதீங்க. எதை நீ தனியா செய்யலாம், எதை ஒருத்தர் பக்கத்துல நின்னாதான் செய்யலாம், எதை தொடவே கூடாதுன்னு மூணா பிரிச்சு சொல்லுங்க. வென்ஃப்ளான் (ஐவி லைன் ஊசி), பிளட் சாம்பிள், ஈசிஜி எடுக்கறது எல்லாம் ரெண்டு தடவை பாத்துட்டா தனியா விடலாம். ரைல்ஸ் ட்யூப் (மூக்கு வழியா வயித்துக்கு விடற குழாய்), கதீட்டர் (யூரின் போற குழாய்), ஏபிஜி (தமனியிலேர்ந்து ரத்தம் எடுக்கறது), முதல் சில தடவை கூட நிக்கணும். பொட்டாசியம் க்ளோரைடு ஐவில சேர்க்கறது, இன்சுலின் இன்ஃப்யூஷன், பிளட் ஏத்த ஆரம்பிக்கறது, பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்தான ஏஎஸ்வி ஆரம்பிக்கறது, இதெல்லாம் தனியா கிடையவே கிடையாது. மெடிக்கல் சர்டிஃபிகேட், டெத் சர்டிஃபிகேட், போலீஸ் கேஸுக்கான மெடிகோ லீகல் பேப்பர், இதுல இன்டர்ன் தன் கையெழுத்து போடக்கூடாதுன்னு விதியே இருக்கு, ஆனா நெருக்கடியில "போட்டுடு, அப்புறம் பாத்துக்கலாம்"னு சொல்ற பழக்கம் நிறைய இடத்துல உண்டு, உங்க யூனிட்ல அது நடக்காம பாத்துக்கோங்க, பின்னால கோர்ட்டுல போய் நிக்கப்போறது அந்தக் குழந்தைதான். அதே மாதிரி இறந்துட்டார்னு குடும்பத்துக்கிட்ட சொல்றது. இருபது பேர் சுத்தி நின்னு கதறிட்டிருக்க, 23 வயசுப் பையன் தனியா நின்னு அதை சொல்லக் கூடாது, அவனுக்கும் ஆகாது, அந்தக் குடும்பத்துக்கும் அது மரியாதை இல்ல. நீங்களோ பிஜியோ சொல்லுங்க, அவன் பக்கத்துல நின்னு எப்படி சொல்றதுன்னு பாக்கட்டும்.

தனியா விடலாம்னு சொன்னதுலயும் ஒண்ணு. பாம்புக்கடி கேஸ்ல 20 நிமிஷ க்ளாட்டிங் டெஸ்ட் (ரத்தம் உறையுதான்னு பாக்கறது) பெரும்பாலும் சிஆர்ஆர்ஐதான் பண்றாங்க, ரொம்ப சுலபமான டெஸ்ட், ரெண்டு எம்எல் ரத்தம் எடுத்து கண்ணாடி டெஸ்ட் ட்யூப்ல விட்டு 20 நிமிஷம் அசைக்காம வச்சு ஒரு தடவை சாய்ச்சு பாக்கணும், அவ்வளவுதான். ஆனா ட்யூப் பிளாஸ்டிக்கா இருந்தாலோ சோப்பு போட்டு கழுவினதா இருந்தாலோ, ரத்தம் நல்லா இருந்தும் உறையாம நிக்கலாம், நாம விஷம் ஏறியிருக்குன்னு நினைச்சு தேவையில்லாம ஏஎஸ்வி ஏத்துவோம், அதுல அனஃபைலாக்சிஸ் (உயிருக்கே ஆபத்தான அலர்ஜி) வந்தா யார் பொறுப்பு? ஏன் கண்ணாடி, ஏன் புது ட்யூப், ஏன் ஆட்டக்கூடாதுன்னு ஒரு தடவை காரணத்தோட சொன்னா வாழ்க்கை முழுக்க மறக்க மாட்டாங்க, பிஎச்சில (ஆரம்ப சுகாதார நிலையம்) தனியா உக்காந்திருக்கறப்பவும் சரியா செய்வாங்க. காரணம் சொல்லாம வேலை மட்டும் வாங்கினா அவங்க வெறும் கை மட்டும்தான்.

வார்டுல நூறு பேர் இருக்கறப்ப எங்க சார் சொல்லிக்குடுக்கறதுன்னு கேப்பீங்க. 1992ல அமெரிக்காவுல குடும்ப மருத்துவம் சொல்லித்தர்ற சில டாக்டர்கள் எழுதின ஒரு முறை இருக்கு, ஒரு நிமிஷத்துல சொல்லிக்குடுக்கறதுன்னே அதுக்கு பேர், நம்ம ஓபிக்கு (வெளிநோயாளி பிரிவு) அளவெடுத்து தச்ச மாதிரி இருக்கும். பையன் கேஸ் சொன்னதும் நீங்க டயக்னோசிஸ் சொல்லாதீங்க, நீ என்ன நினைக்கறேன்னு கேளுங்க. ஏன்னு கேளுங்க. அவன் எதை சரியா செஞ்சான்னு குறிப்பா சொல்லுங்க, குட்னு சொல்லி விட்டா பிரயோஜனம் இல்ல, "பூச்சி மருந்து விஷ கேஸ்ல பல்ஸை மட்டும் பாக்காம செஸ்ட்ல க்ரெப்ஸ் (நுரையீரல் சளி சத்தம்) போச்சான்னும் கேட்டியே, அட்ரோபின் போதுமான்னு பாக்கறதுல அதுதான் முக்கியம்"னு சொல்லுங்க. அப்புறம் விட்டதை சொல்லுங்க, "பழைய டோஸ்லயே அரை மணி நேரம் நின்னுட்ட, சரியாகலன்னா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை டோஸை டபுள் பண்ணிட்டே போகணும்"னு. எல்லா கேஸுக்கும் பொருந்தற மாதிரி ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டு அடுத்த பெட்டுக்கு போங்க. ஒரு நாளைக்கு ஒரு பையனுக்கு ஒரு தடவை இப்படி நடந்தா ஆறு வாரத்துல எவ்வளவு சேரும்னு பாருங்க. திட்டறதுன்னாலும் பேஷண்ட் முன்னாடி வேண்டாம், அதுக்கப்புறம் அந்த பேஷண்ட் அவன் கையால மாத்திரை வாங்க மாட்டார்.

பசங்க செஞ்ச வேலையை எழுதற லாக் புக்கை கடைசி நாள் அடுக்கி வச்சு மொத்தமா கையெழுத்து போடறது எல்லா இடத்துலயும் நடக்குது, நீங்க வாரம் ஒரு நாள் வச்சு போடுங்க. அப்பதான் யாருக்கு ஆறு வாரத்துல ஒரு லம்பார் பங்சர் (முதுகுத்தண்டுலேர்ந்து நீர் எடுக்கறது) கூட பாக்க கிடைக்கலன்னு நடுவுலயே தெரியும்.

சாம்பிள் தூக்கிட்டு லேபுக்கு ஓடறது, ஸ்கேன் டேட் வாங்கறது, ரிப்போர்ட் தேடறது, இதுலயே பாதி நாள் போகுது பசங்களுக்கு. ரத்தம் எடுக்கறது படிப்பு, அந்த பாட்டிலை நாலு மாடி இறங்கி கொண்டு போறது படிப்பு இல்ல. ஆள் பத்தாதுன்னு எனக்கு தெரியும், ஆனா உங்க சீஃப் மூலமா ஆஸ்பத்திரி நிர்வாகம் பாக்கற ஆர்எம்ஓகிட்ட எழுதிக் கேளுங்க, ராத்திரி நேரத்துக்காவது ஒரு பணியாளர் வேணும்னு. பொண்ணுங்க நடுராத்திரி தனியா பிளாக் விட்டு பிளாக் போறாங்க, லைட் இல்லாத காரிடார், பூட்டு இல்லாத டூட்டி ரூம். 2024ல கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில டூட்டியில இருந்த பிஜி டாக்டரை பலாத்காரம் பண்ணி கொன்னதுக்கப்புறமும் இதை சில்லறை விஷயம்னு யாராவது சொன்னா விடாதீங்க. டூட்டி ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கான்னு நீங்களே ஒரு தடவை போய் பாருங்க.

பேஷண்டுக்கு போட்ட ஊசியை தன் கையில குத்திக்கறதும் கட்டாயம் முதல் நாள் பேச்சுல இருக்கணும். குத்திக்கிட்டா பசங்க மறைப்பாங்க, கவனக்குறைவுன்னு பேர் வந்துடுமேன்னு. குத்தின இடத்தை பிதுக்க வேண்டாம், வாயில வைக்க வேண்டாம், சோப்பு தண்ணியில கழுவிட்டு உடனே சொல்லணும், எச்ஐவி வராம தடுக்கற மருந்து ஆரம்பிக்கறதுன்னா ரெண்டு மணி நேரத்துக்குள்ள நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல போனா பிரயோஜனம் இல்ல, 28 நாள் சாப்பிடணும். ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த மாத்திரை ஆஸ்பத்திரியில எங்க இருக்கு, சாவி யார்கிட்ட இருக்குன்னு உங்களுக்கு தெரியுமா? தெரியலன்னா இந்த வாரமே விசாரிச்சு வைங்க. ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி மூணு டோஸும் போட்டாச்சா, டைட்டர் (எதிர்ப்பு சக்தி வந்திருக்கான்னு பாக்கற டெஸ்ட்) பாத்தாச்சான்னும் கேளுங்க, கடைசி டோஸ் விட்டுப்போனவங்க ஒவ்வொரு பேட்ச்லயும் இருப்பாங்க.

கடைசியா அந்தப் பையன். அவனை சோம்பேறின்னு முடிவு கட்டிடாதீங்கம்மா. இன்டர்ன்ஷிப் முடிஞ்ச கையோட அவன் எழுதப்போற பரீட்சைதான் அவன் மிச்ச வாழ்க்கையை தீர்மானிக்கும்னு அவன் வீட்டுலயும் கோச்சிங் ஆப்புலயும் தினமும் சொல்லிட்டிருக்காங்க, அந்த நெருக்கடி பொய் இல்ல. ஆனா அவன் லைப்ரரியில உக்காந்திருக்கறப்ப அவன் பெட்டோட சாம்பிளை வேற யாரோ எடுக்கறாங்க, அவங்களும் அதே பரீட்சை எழுதப்போறவங்கதான். அவனை கூப்பிட்டு இதை சொல்லுங்க, ரூல் பேசறதுக்கு முன்னாடி இந்த நியாயத்தை பேசுங்க, பெரும்பாலான பசங்களுக்கு இது உறைக்கும். அப்புறம் ஒரு ஏற்பாடு பண்ணுங்க, அவனுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும். டூட்டி இல்லாத நாள்ல வேலை முடிச்சு ஹேண்ட் ஓவர் குடுத்தவங்க மதியம் ரெண்டு மணிக்கு மேல படிக்க போகலாம், யார் போறாங்க யார் இருக்காங்கன்னு முறை போட்டு போர்டுல எழுதிடுங்க. திருட்டுத்தனமா போறதை விட சொல்லிட்டு போறது அவனுக்கும் நிம்மதி. உங்க வார்டுல இருக்கற கேஸை வச்சே அவனுக்கு நாலு கேள்வி கேளுங்க, ஹைபோநேட்ரீமியா (ரத்தத்துல சோடியம் குறையறது) கேஸை கையில வச்சுக்கிட்டு அதே டாபிக்கை வீடியோவுல பாத்துட்டிருக்கான்னு அவனுக்கே புரியும்.

இதெல்லாம் செஞ்சும் ரெண்டு வாரத்துல மாறலன்னா, அப்ப எக்ஸ்டென்ஷன் பத்தி பேசலாம், நான் அதுக்கு எதிரி இல்ல. முன் அனுமதியோட 15 நாள் லீவுதான் விதியில இருக்கு, அதுக்கு மேல வராத நாளை அவன் திரும்ப செய்யத்தான் வேணும். ஆனா அதை முறையா செய்யுங்க, எந்தெந்த தேதி இல்லைன்னு எழுதி வைங்க, அவன்கிட்ட காட்டி கையெழுத்து வாங்குங்க, போஸ்டிங் முடியறதுக்கு முன்னாடியே சொல்லுங்க, கடைசி நாள்ல போய் அதிர்ச்சி குடுக்காதீங்க. அவன் சொல்ல வர்றதையும் ஒரு தடவை கேட்டுடுங்க, வீட்டுல கடன், அப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னு கேக்காத வரைக்கும் வெளிய வராத விஷயங்கள் நிறைய இருக்கும். பொண்ணு பேரை அந்த எக்ஸ்டென்ஷன் பேச்சுலேர்ந்து இப்பவே எடுத்துடுங்க, யூனிட் மீட்டிங்ல யாராவது திரும்ப எடுத்தா, அன்னிக்கு ராத்திரி அவளுக்கு எந்த நம்பருக்கு கூப்பிடணும்னு யார் சொல்லியிருந்தோம்னு நீங்க கேளுங்க.